டயல்-அப் மோடம்: ரூட்டுக்கு இணைகிறது, சாதாரண பயனருக்கு "பெர்மிஷன் டினைடு"

கேள்வி

மேசைக் கணினியில் டெபியன் லினக்ஸ். பின்பக்கத்து 9 முள் சீரியல் போர்ட்டில் வெளி மோடம், 56கே, வி.90 வகை. டயல் செய்ய டபிள்யூவிடயல். நிர்வாகி கணக்கில் சூடோ போட்டு, அதாவது ரூட் (கணினியின் தலைமைக் கணக்கு) உரிமையோடு ஓட்டினால் மோடம் டயல் செய்கிறது, இணைகிறது, பக்கங்கள் திறக்கின்றன. அதே கணினியில் இன்னொரு சாதாரண கணக்கு இருக்கிறது. அதில் ஓட்டினால் முதல் வரியிலேயே "/டெவ்/டிடிஒய்எஸ்0 திறக்க முடியவில்லை: பெர்மிஷன் டினைடு" (அனுமதி இல்லை) என்று நின்றுவிடுகிறது.

சிஎச்மாட் 666 (எல்லோருக்கும் படிக்க, எழுத அனுமதி) கொடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு வேலை செய்தது. கணினியை அணைத்துப் போட்டதும் பழையபடி ஆகிவிட்டது. இந்தக் கணக்குக்கு சூடோ உரிமை தர விருப்பமில்லை. இணையத்தில் இணைய மட்டும் முடிந்தால் போதும். நிரந்தரமாக எப்படிச் செய்வது?

பதில் 1

கட்டளைகளை ஒலிப்படி தமிழிலேயே எழுதுகிறேன். முனையத்தில் வழக்கமான ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்தாகத் தட்டுங்கள். பெரிய எழுத்து வரும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். போர்ட்டின் பெயரில் "எஸ்" பெரிய எழுத்து.

சிஎச்மாட் ஏன் நிலைக்கவில்லை என்றால், /டெவ் அடைவு வட்டில் இருப்பதில்லை. ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதைப் புதிதாக உருவாக்குகிறது. அதிலுள்ள கோப்புகளுக்கு எந்தக் குழு, எந்த அனுமதி என்பதை யூடெவ் என்ற சாதன மேலாண்மைச் சேவை தன் விதிகளின்படி போடுகிறது. நீங்கள் கையால் மாற்றியது நினைவகத்தில் இருந்த கோப்பை மட்டும்தான். 666 என்பதை எப்படியாவது நிலைக்கச் செய்யவும் முயல வேண்டாம். கணினியில் ஓடும் எந்த நிரலும், எந்தச் சேவைக் கணக்கும் மோடத்தை எடுத்து எந்த எண்ணுக்கும் டயல் செய்யலாம் என்று அதற்குப் பொருள்.

முதலில் இதைப் பாருங்கள்:

எல்எஸ் -எல் /டெவ்/டிடிஒய்எஸ்0

உரிமையாளர் ரூட், குழு டயல்அவுட் என்று வரும். இருவருக்கும் படிக்கவும் எழுதவும் அனுமதி, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. எண்ணாகச் சொன்னால் 660. அனுமதி சரியாகத்தான் இருக்கிறது, அந்தப் பயனர்தான் குழுவில் இல்லை. எனவே கோப்பைத் தொடாமல் பயனரைக் குழுவில் சேருங்கள்:

சூடோ ஆட்யூசர் பயனர்பெயர் டயல்அவுட்

டெபியன் அல்லாத லினக்ஸ்களில் குழுவின் பெயர் வேறாக இருக்கலாம். ஆர்ச்சில் அது யூயூசிபி. எல்எஸ் எந்தக் குழுவைக் காட்டுகிறதோ அதில் சேர்த்தால் போதும்.

பல இடங்களில் யூசர்மாட் கட்டளையைக் கொடுத்திருப்பார்கள். அதைப் பயன்படுத்தினால் "-ஏஜி" என்று சிறிய ஏ, பெரிய ஜி இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். ஏ விட்டுப்போய் ஜி மட்டும் கொடுத்தால், அந்தப் பயனர் ஏற்கெனவே இருந்த எல்லாத் துணைக் குழுக்களிலிருந்தும் நீக்கப்பட்டு டயல்அவுட்டில் மட்டும் இருப்பார். நிர்வாகி கணக்குக்கு இதைச் செய்துவிட்டால் சூடோ குழுவும் போய்விடும். ரூட்டுக்குத் தனிக் கடவுச்சொல் வைக்காதவர்கள் மீட்பு முறையில் கணினியை எழுப்பித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஆட்யூசர் சேர்க்க மட்டுமே செய்யும் என்பதால் அதையே பரிந்துரைக்கிறேன்.

கேட்டவர்

ஆட்யூசர் கொடுத்தேன், சேர்த்ததாகச் செய்தியும் வந்தது. ஆனால் சாதாரண கணக்கின் முனையத்தில் இன்னும் அதே "பெர்மிஷன் டினைடு". ஐடி என்று தட்டினால் பட்டியலில் டயல்அவுட் இல்லை. ஐடி பயனர்பெயர் என்று தட்டினால் இருக்கிறது. எது சரி?

பதில் 1

இரண்டும் சரிதான். பெயரோடு கொடுத்தால் /இடிசி/குரூப் கோப்பில் இப்போது எழுதியிருப்பதைக் காட்டும். பெயரில்லாமல் கொடுத்தால் நடப்பு ஷெல்லிடம் உண்மையில் என்னென்ன குழுக்கள் இருக்கின்றன என்பதைக் காட்டும். குழுக்கள் உள்நுழையும் நேரத்தில் ஒட்டிக்கொள்பவை. பிறகு அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு நிரலும் அதே பட்டியலைத்தான் பெறும். முனையச் சாளரத்தை மூடித் திறப்பது போதாது, டெஸ்க்டாப் அமர்விலிருந்தே வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். சில டெஸ்க்டாப்களில் வெளியேறிய பிறகும் பயனரின் பின்புலச் சேவைகள் உயிரோடு இருந்து பழைய பட்டியலையே கொடுக்கும். அப்படியானால் ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிடுங்கள்.

சோதிக்க மட்டும் என்றால் "நியூஜிஆர்பி டயல்அவுட்" என்று தட்டினால் அந்த ஒரு ஷெல்லுக்கு உடனே குழு கிடைக்கும்.

கேட்டவர்

வெளியேறி நுழைந்ததும் மோடம் டயல் செய்கிறது, "கனெக்ட்" என்றும் வருகிறது. ஆனால் அடுத்து இரண்டு புதுச் செய்திகள். ஒன்று, "/யூஎஸ்ஆர்/எஸ்பின்/பிபிபிடி-ஐ ஓட்ட முடியவில்லை, அனுமதிகளைச் சரிபார்க்கவும்". இன்னொன்று, "/இடிசி/பிபிபி/பாப்-சீக்ரெட்ஸ் கோப்பை மாற்ற முடியவில்லை: பெர்மிஷன் டினைடு".

பதில் 2

இங்கே இரண்டு கதவுகள் இருக்கின்றன. சாதாரண பயனர் டயல்-அப்பில் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுவே என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் கதவு சீரியல் போர்ட். டபிள்யூவிடயல், மினிகாம் போன்ற நிரல்கள் ஓட்டுபவரின் உரிமையோடு தாங்களே போர்ட்டைத் திறக்கின்றன. அதற்கு டயல்அவுட் குழு வேண்டும். அதைக் கடந்துவிட்டீர்கள்.

இரண்டாவது கதவு பிபிபிடி. மறுமுனை பதில் கொடுத்த பிறகு பிபிபி0 என்ற வலை இடைமுகத்தை உருவாக்குவது, தரவு போகும் வழிகளின் அட்டவணையை மாற்றுவது எல்லாம் அதன் வேலை. அதற்குக் கர்னலிடம் ரூட் உரிமை வேண்டும். அதனால் பிபிபிடி செட்யூஐடி பிட்டோடு வருகிறது, யார் ஓட்டினாலும் ரூட்டாக ஓடும். அப்படிப்பட்ட நிரலை எல்லோர் கையிலும் கொடுக்கக் கூடாது என்பதால் டெபியனில் அதன் குழு டிப், அனுமதி 4754. கடைசி 4 என்றால் மற்றவர்கள் படிக்கலாம், ஓட்ட முடியாது. உங்கள் முதல் செய்தி சொல்வது அதைத்தான்.

எல்எஸ் -எல் /யூஎஸ்ஆர்/எஸ்பின்/பிபிபிடி
சூடோ ஆட்யூசர் பயனர்பெயர் டிப்

பிறகு மீண்டும் வெளியேறி நுழையுங்கள். டெபியனை நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கை நிறுவியே டிப் குழுவில் போட்டுவிடும். பின்னால் சேர்த்த கணக்குகளுக்கு அது நடப்பதில்லை. ஒரே கணினியில் ஒரு கணக்குக்கு இந்தச் செய்தி வருவதும் இன்னொன்றுக்கு வராமல் போவதும் இதனால்தான்.

எல்எஸ் காட்டும் வரியில் உரிமையாளர் பகுதியில் "எக்ஸ்" இருக்கவேண்டிய இடத்தில் சிறிய "எஸ்" இல்லையென்றால், யாரோ செட்யூஐடி பிட்டை எடுத்திருக்கிறார்கள். அப்போது பிபிபிடி வெளியேற்ற எண் (நிரல் முடியும்போது காரணம் சொல்லும் எண்) 3 காட்டி நிற்கும். சிஎச்மாட் கொண்டு திருப்பிப் போட்டால் அடுத்த முறை பிபிபி தொகுப்பு மேம்படுத்தப்படும்போது மாறிவிடக்கூடும். நிலைக்க வேண்டுமானால்:

சூடோ டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைடு --அப்டேட் --ஆட் ரூட் டிப் 4754 /யூஎஸ்ஆர்/எஸ்பின்/பிபிபிடி

இரண்டாவது செய்தி அச்சுறுத்துவதுபோல் இருந்தாலும் உங்கள் நிலையில் தீங்கற்றது. டபிள்யூவிடயல் ஒவ்வொரு முறையும் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் பாப்-சீக்ரெட்ஸ், சாப்-சீக்ரெட்ஸ் கோப்புகளில் எழுதப் பார்க்கும். அவை ரூட் மட்டும் படிக்கும் 600 கோப்புகள், சாதாரண பயனரால் தொட முடியாது, எனவே எச்சரிக்கிறது. ஆனால் அந்தக் கோப்பைப் படிக்க வேண்டியது பிபிபிடி. அது ரூட்டாக ஓடுவதால் படித்துக்கொள்ளும். நீங்கள் ஏற்கெனவே சூடோ போட்டு வெற்றிகரமாக இணைந்திருப்பதால் தேவையான வரி உள்ளே எழுதப்பட்டுவிட்டது. எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் வந்துகொண்டிருக்கும், விட்டுவிடுங்கள். சேவைக் கடவுச்சொல் மாறும்போது மட்டும் ஒருமுறை சூடோவோடு இணைந்து புதியதை எழுத வைக்க வேண்டும். அந்தக் கோப்புகளை எல்லோரும் படிக்கும்படி மாற்றாதீர்கள். மாற்றினால் பிபிபிடியே பதிவேட்டில் எச்சரிக்கை எழுதும்.

கடவுச்சொல் இருக்கும் இன்னொரு இடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: /இடிசி/டபிள்யூவிடயல்.கான்ஃப். அதற்குக் குழுவை டிப் ஆக்கி 640 கொடுங்கள். டயல் செய்ய வேண்டியவர்களுக்கு மட்டும் படிக்கக் கிடைக்கும்.

பதில் 3

சுருக்கமாக வேறொரு வழி. டபிள்யூவிடயல் நிரலுக்கே செட்யூஐடி பிட் போட்டுவிட்டால் எந்தக் குழுவும் தேவையில்லை. அல்லது சூடோயர்ஸ் கோப்பில் (யார் எதை சூடோவோடு ஓட்டலாம் என்ற பட்டியல்) அதை மட்டும் கடவுச்சொல் இல்லாமல் ஓட்ட அனுமதிக்கலாம்.

பதில் 2

இரண்டையும் செய்ய வேண்டாம். காரணம் தெளிவானது. டபிள்யூவிடயலின் அமைப்புக் கோப்பில் பிபிபிடி எந்தப் பாதையில் இருக்கிறது என்று சொல்லும் ஒரு வரி உண்டு. பயனர் தன் வீட்டு அடைவிலேயே அமைப்புக் கோப்பு வைத்துக்கொள்ளலாம்; கட்டளை வரியிலும் --கான்ஃபிக் கொடுத்து வேறு கோப்பைக் காட்டலாம். டபிள்யூவிடயல் ரூட்டாக ஓடினால், அந்தப் பாதையில் பயனர் எழுதி வைத்த எந்த நிரலையும் ரூட்டாகவே ஓட்டும். அதாவது முழுக் கணினியையும் கொடுத்தாயிற்று. பிபிபிடி அப்படியல்ல. சாதாரண பயனர் ஓட்டுகிறார் என்பதை அறிந்து, எந்த விருப்பத்தை யார் கொடுக்கலாம் என்று பிரித்துப் பார்க்கும்படி எழுதப்பட்ட நிரல் அது. செட்யூஐடி இருக்க வேண்டிய இடம் அது ஒன்றே.

கேட்டவர்

டிப் குழுவில் சேர்த்ததும் சாதாரண கணக்கில் இணைந்துவிட்டது. நன்றி. ஆனால் நிர்வாகி கணக்கில் சூடோவோடு ஓட்டிய முனையத்தை அப்படியே மூடிவிட்டு சாதாரண கணக்குக்கு மாறினால், இப்போது "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" என்கிறது. மோடம் விளக்குகளைப் பார்த்தால் இணைப்பில் இல்லை.

பதில் 4

இது பூட்டுக் கோப்பு. ஒரே போர்ட்டை இரண்டு நிரல்கள் ஒன்றாக எடுக்காமல் இருக்க, எடுக்கும் நிரல் /வார்/லாக் அடைவில் தன் செயல் எண்ணை எழுதி ஒரு கோப்பு வைக்கும். பெயர் எல்சிகே..டிடிஒய்எஸ்0 (முதல் மூன்றும் பெரிய எழுத்து, நடுவில் இரண்டு புள்ளி). நிரல் முறையாக முடிந்தால் தானே நீக்கும். சாளரத்தை மூடிக் கொன்றால் கோப்பு அங்கேயே கிடக்கும்.

வழக்கமாக அடுத்து வரும் நிரல் அந்த எண்ணைப் படித்து, அப்படி ஒரு செயல் உயிரோடு இல்லையென்றால் பழைய பூட்டை நீக்கிவிட்டுத் தன் பூட்டைப் போடும். உங்களிடம் அது நடக்காததற்குக் காரணம், கோப்பு ரூட்டுடையது. அந்த அடைவில் எல்லோரும் எழுதலாம், ஆனால் ஒட்டு பிட் இருப்பதால் அடுத்தவர் கோப்பை நீக்க முடியாது. ரூட் விட்டுச்சென்ற பூட்டைச் சாதாரண பயனரின் நிரல் செத்த பூட்டு என்று கண்டுகொண்டாலும் அகற்ற முடியாமல் நிற்கிறது.

கேட் கட்டளையால் கோப்பிலுள்ள எண்ணைப் பாருங்கள். பிஎஸ் -பி அந்தஎண் என்று தட்டுங்கள். எதுவும் வரவில்லையென்றால் சூடோ ஆர்எம் கொண்டு அந்தக் கோப்பை நீக்கலாம். ஏதாவது வந்தால் நீக்காதீர்கள், அந்த நிரலை முதலில் நிறுத்துங்கள். /வார்/லாக் இப்போது /ரன்/லாக் அடைவுக்கு இணைப்பு மட்டுமே, அது நினைவகத்தில் இருப்பதால் மறுதொடக்கத்தில் எல்லாம் அழிந்துவிடும். நிரந்தரத் தீர்வு, நிர்வாகி கணக்கையும் அதே இரண்டு குழுக்களில் சேர்த்து, சூடோ இல்லாமலே டயல் செய்வது. முடிக்கும்போது கன்ட்ரோல்-சி அழுத்துங்கள்.

வேறொருவர் கேள்வி

இதே சிக்கலின் இன்னொரு வடிவம். என்னுடையது யூஎஸ்பி மோடம். இரண்டு குழுக்களிலும் இருக்கிறேன். செருகியதும் அரை நிமிடம் வரை "பிஸி" என்கிறது, பிறகு சரியாகிறது. சில சமயம் டிடிஒய்ஏசிஎம்0 என்று இருந்தது டிடிஒய்ஏசிஎம்1 ஆகிவிடுகிறது.

பதில் 4

பூட்டுக் கோப்பு அல்ல, மோடம்மேனேஜர் என்ற பின்புலச் சேவை. புதிதாக ஒரு சீரியல் சாதனம் தோன்றியதும் அது மொபைல் மோடமா என்று அறிய ஏடி கட்டளைகளை அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்கும். அதுவரை போர்ட் அதன் கையில். மொபைல் டேட்டா குச்சி எதையும் பயன்படுத்தவில்லையென்றால் அந்தச் சேவையை நிறுத்திவிடலாம்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ் மோடம்மேனேஜர்

இதில் மோடம், மேனேஜர் இரண்டின் முதல் எழுத்தும் பெரியது. மொபைல் குச்சியும் வேண்டுமென்றால், எல்எஸ்யூஎஸ்பி காட்டும் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் குறித்து, அந்தச் சாதனத்துக்கு மட்டும் ஐடி_எம்எம்_டிவைஸ்_இக்னோர் மாறியை 1 ஆக்கும் ஒரு யூடெவ் விதியை /இடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி அடைவில் எழுதுங்கள்.

எண் மாறுவதற்குக் காரணம், மோடத்தை உருவும்போது ஏதோ ஒரு நிரல் பழைய கோப்பைத் திறந்தே வைத்திருப்பது. பழைய பெயர் விடுபடாததால் கர்னல் அடுத்த எண்ணைக் கொடுக்கிறது. அமைப்புக் கோப்பில் எண்ணை எழுதாமல் /டெவ்/சீரியல்/பை-ஐடி அடைவில் உங்கள் மோடத்தின் பெயரோடு இருக்கும் இணைப்பை எழுதுங்கள், எண் மாறினாலும் அது தொடரும். இணைப்பைச் சரிபார்க்கும்போது வெறும் எல்எஸ் -எல் போட்டால் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் இருப்பதுபோல் காட்டும். அது இணைப்பின் அனுமதி, பொருளற்றது. சிறிய எல்லோடு பெரிய எல்லும் சேர்த்துக் கொடுத்தால்தான் உண்மையான கோப்பின் அனுமதி தெரியும்.

பதில் 5

முதலில் கேட்டவருக்கு: "இணைய மட்டும் முடிந்தால் போதும்" என்றீர்கள். அப்படியானால் டயல்அவுட் குழுவே அதிகம். அதில் இருப்பவர் மினிகாம் திறந்து எந்த எண்ணுக்கும் டயல் செய்யலாம். டிப் மட்டும் கொடுத்து, நீங்கள் எழுதி வைத்த ஒரே எண்ணுக்கு மட்டும் இணையும்படி செய்ய முடியும். டபிள்யூவிடயலுக்குப் பதில் பான் (இணைக்க), பாஃப் (துண்டிக்க) கட்டளைகள்.

/இடிசி/பிபிபி/பியர்ஸ் அடைவில் ப்ரொவைடர் என்ற கோப்பில், ரூட்டாக, வரிக்கு ஒன்றாக (டிஃபால்ட்ரூட்டில் வரும் "ரூட்" வழி என்ற பொருளுடையது, தலைமைக் கணக்கு அல்ல):

/டெவ்/டிடிஒய்எஸ்0
115200
கனெக்ட் "/யூஎஸ்ஆர்/எஸ்பின்/சாட் -வி -எஃப் /இடிசி/சாட்ஸ்கிரிப்ட்ஸ்/ப்ரொவைடர்"
யூசர் "சேவைப்பெயர்"
நோஆத்
டிஃபால்ட்ரூட்
யூஸ்பியர்டிஎன்எஸ்
லாக்
சிஆர்டிஎஸ்சிடிஎஸ்

சாட் (மோடத்துக்குக் கட்டளை அனுப்பி டயல் செய்யும் நிரல்) கோப்பில் "பிஸி", "நோ கேரியர்", "நோ டயல்டோன்" மூன்றுக்கும் அபார்ட் (கைவிடு) வரிகள், பிறகு ஏடிஇசட், அது ஓகே சொன்னதும் ஏடிடிடி சேர்த்து எண், கடைசியில் கனெக்ட் வரும்வரை காத்திருத்தல். இரண்டு கோப்புகளுக்கும் உரிமையாளர் ரூட், குழு டிப், அனுமதி 640. கடவுச்சொல் பாப்-சீக்ரெட்ஸில், பாப்-க்குப் பதில் சாப் என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறையைக் கேட்கும் சேவையென்றால் சாப்-சீக்ரெட்ஸில்.

போர்ட் அனுமதி இல்லாமல் இது எப்படி நடக்கிறது? போர்ட்டின் பெயரைப் பயனர் கட்டளை வரியில் கொடுத்தால், பிபிபிடி ரூட் உரிமையைத் தள்ளிவைத்துப் பயனரின் உரிமையிலேயே அதைத் திறக்கும். பியர்ஸ் கோப்பில் எழுதியிருந்தால், அதை ரூட் மட்டுமே எழுதியிருக்க முடியும் என்பதால், ரூட்டாகவே திறக்கும். சாட் நிரல் திறந்த போர்ட்டை அப்படியே வாங்கிக்கொள்கிறது. நோஆத் விருப்பமும் இப்படியே. சாதாரண பயனர் அதைக் கட்டளை வரியிலோ தன் வீட்டு அடைவிலோ கொடுத்தால் "ரூட் உரிமை தேவை" என்று மறுத்து வெளியேற்ற எண் 2 வரும். பியர்ஸ் கோப்பில் இருந்தால் ஏற்றுக்கொள்ளும்.

கேட்டவர்

டயல்அவுட்டிலிருந்து நீக்கி, டிப் மட்டும் வைத்து, பான் கொடுத்தேன். இணைந்துவிட்டது. ஆனால் ஈதர்நெட் கேபிள் செருகியிருக்கும்போது மட்டும் பக்கங்கள் திறப்பதில்லை.

பதில் 5

அனுமதிச் சிக்கல் முடிந்துவிட்டது. இது வழிச் சிக்கல். ஐபி ரூட் (இங்கும் வழி என்ற பொருள்) என்று தட்டிப் பாருங்கள், டிஃபால்ட் வரி ஈதர்நெட்டைக் காட்டும். ஏற்கெனவே ஒரு டிஃபால்ட் வழி இருந்தால் பிபிபிடி அதை மாற்றாது. ஈதர்நெட் இணையத்துக்குப் போகவில்லையென்றால் அதன் அமைப்பிலிருந்து கேட்வே முகவரியை எடுத்துவிடுவது சுத்தமான வழி. இல்லையேல் பியர்ஸ் கோப்பில் ரீப்ளேஸ்டிஃபால்ட்ரூட் என்ற வரியையும் சேர்க்கலாம். அதுவும் ரூட் மட்டும் கொடுக்கக்கூடிய விருப்பம்.

இனி ஏதாவது நின்றால் பிபிபிடியின் வெளியேற்ற எண்ணை முதலில் பாருங்கள். 4 என்றால் கர்னலில் பிபிபி ஆதரவு இல்லை. 6 பூட்டுப் போட முடியவில்லை, 7 போர்ட்டைத் திறக்க முடியவில்லை. இந்த இரண்டும் இந்த இழையில் பேசியவை. 8 என்றால் டயல் செய்யும் சாட் தோற்றது: எண், தொலைபேசி வயர், டயல்டோன் பக்கம் தேடுங்கள். சுவிட்ச்போர்டுக்குப் பின்னால் டயல்டோன் வித்தியாசமாக இருந்தால் ஏடிஎக்ஸ்3 சேர்த்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். 16 மோடம் துண்டித்தது. 19 உங்கள் பெயரையோ கடவுச்சொல்லையோ மறுமுனை ஏற்கவில்லை. அனுமதிகளைக் கலைப்பதற்கு முன் இந்த எண்ணைப் பார்த்தால் பாதி வேலை மிச்சம்.

வேறொருவர் கேள்வி

டிடிஒய்எஸ்0-க்கு அனுமதி எல்லாம் சரி, ஆனால் ரூட்டாக இருந்தாலும் "இன்புட்/அவுட்புட் எரர்". மோடம் உள்ளே, பிசிஐ அட்டை.

பதில் 4

ரூட்டுக்கும் வந்தால் அனுமதி அல்ல. வன்பொருள் இல்லாவிட்டாலும் டிடிஒய்எஸ்0 முதல் 3 வரை கோப்புகள் இருக்கும். சூடோ செட்சீரியல் -ஜி /டெவ்/டிடிஒய்எஸ்0 போட்டால் யூஆர்ட் (சீரியல் போர்ட்டின் சில்லு) "அன்நோன்" என்று வந்தால் அந்தப் பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லை. பிசிஐ மோடங்களில் பெரும்பாலானவை மென்பொருள் மோடங்கள். அவற்றுக்குத் தனி டிரைவர் இல்லாமல் போர்ட்டே தோன்றாது. எஸ்எல்மோடம் வகை டிரைவர் கிடைத்தால் பெயர் டிடிஒய்எஸ்எல்0 ஆகும்; அது ஒரு போலி முனையத்துக்கான இணைப்பு. எனவே யூடெவ் விதி அதைத் தொடாது. எஸ்எல்மோடம்டி தொடங்கும்போதே --குரூப் விருப்பத்தில் டயல்அவுட் என்று கொடுக்க வேண்டும். டபிள்யூவிடயல் அமைப்பில் "கேரியர் செக் = நோ" வரியும் இல்லாவிட்டால் இணைந்த உடனே துண்டித்துவிடும்.

கேட்டவர்

கடைசியாக ஒன்று. சாதாரண கணக்கில் பான் கொடுத்த இணைப்பை இன்னொரு சாதாரண கணக்கிலிருந்து பாஃப் கொடுத்து நிறுத்த முடியவில்லை.

பதில் 5

முடியாது. பாஃப் செய்வது பிபிபிடிக்கு ஒரு சிக்னல் அனுப்புவது மட்டுமே. தொடங்கியவரோ ரூட்டோ அனுப்பினால்தான் கர்னல் ஏற்கும். இதற்காக உரிமைகளை இளக்க வேண்டாம். பியர்ஸ் கோப்பில் "ஐடில் 600" சேர்த்துவிடுங்கள். 10 நிமிடம் தரவு எதுவும் போகவில்லையென்றால் பிபிபிடி தானே துண்டித்து, பூட்டையும் விடுவித்துவிடும். வெளியேற்ற எண் 12 என்று பதிவேட்டில் இருக்கும்.